வால்மார்ட் 9 எம்எம், .223 தோட்டா விற்பனையை நிறுத்துகிறது: என்ன மாறும், எங்கே வாங்குவது?

நெடுங்குழல் | 3 செப்டம்பர் 2019

அமெரிக்காவின் பெரும் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட்டின் தலைமை நிர்வாகி டக் மெக்மில்லன் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு இன்று வெளியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி தப்பு. அதனால் உள்ளதை உள்ளபடி போடுகிறேன்.

9 எம்எம் உட்பட கைத்துப்பாக்கித் தோட்டா முழுவதும் நிற்கிறது. .223, 5.56 போன்ற ரைஃபிள் தோட்டாக்களும் நிற்கின்றன. கையிருப்பு தீரும்வரை விற்பார்கள், மறுபடி வரவழைக்க மாட்டார்கள். கைத்துப்பாக்கி விற்பனையை 1993-லேயே மற்ற மாநிலங்களில் விட்டுவிட்டார்கள். அலாஸ்காவில் மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் இனி இல்லை. திறந்த நிலையில் துப்பாக்கி ஏந்தி வருவதை அனுமதிக்கும் மாநிலங்களில்கூட, கடைக்குள் அப்படி வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

நிற்காதவை: மான் வேட்டைக்கான நீண்ட குழல் ரைஃபிள், ஷாட்கன், அவற்றுக்கான தோட்டாக்களில் பெரும்பகுதி, வேட்டை உடை, மற்ற சாமான்கள்.

நாட்டின் தோட்டா விற்பனையில் தங்கள் பங்கு சுமார் 20 சதவீதம் என்றும், இந்த முடிவால் அது 6 முதல் 9 சதவீதத்துக்குள் இறங்கும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இதற்கு முன் 2015-ல் ஏஆர் வகை ரைஃபிள்களை (ராணுவ ரைஃபிள் சாயலில் செய்தவை) நிறுத்தினார்கள். 2018 பிப்ரவரியில் வாங்குபவரின் குறைந்தபட்ச வயதை 21 ஆக்கினார்கள். ஆகவே இது திடீர் திருப்பம் இல்லை, படிப்படியாக இறங்கி வந்த பாதையின் அடுத்த படி.

அரசியல் பேச வேறு இழைகள் இருக்கின்றன. தோட்டா வாங்குபவருக்கு இதனால் என்ன ஆகும் என்பதை மட்டும் இங்கே பேசலாம்.

---

காட்டுப்பன்றி | 3 செப்டம்பர் 2019

அந்தக் குறிப்பில் முதலில் உறுத்துவது 'குட்டைக் குழல் ரைஃபிள் தோட்டா' என்ற பெயர். அப்படி ஒரு வகையே கிடையாது. குட்டைக் குழல் ரைஃபிள் என்பது 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் வரும் சொல். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிளைக் குறிக்கும். அது துப்பாக்கியின் அளவு. தோட்டாவுக்கு அந்த அளவு ஒட்டாது. .223 தோட்டாவை 24 அங்குலக் குழல் உள்ள போல்ட் ரைஃபிளில் போட்டு நரி சுடுகிறவர்கள் எத்தனையோ பேர். அதே குறிப்பில் மேகசினை (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டி) 'கிளிப்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

சொல் விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. எதைத் தடுக்கிறோம் என்று தெரியாமல் தடுத்தால் பலன் இராது. மான் தோட்டா என்று அலமாரியில் நிற்கப்போகும் 30-06 எங்கிருந்து வந்தது? 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது. இரண்டாம் உலகப்போரின் எம்1 கேரண்ட் ரைஃபிளில் போட்டது அதைத்தான். .223-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வலு அதற்கு. ராணுவத் தோட்டா, வேட்டைத் தோட்டா என்று கேலிபரை (குண்டின் விட்ட அளவை) வைத்துக் கோடு போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

டெக்சாஸில் பயிரை அழிக்கும் பன்றிகளைக் கட்டுப்படுத்த விவசாயிகள் அதிகம் பயன்படுத்துவதும் .223-தான். அவர்கள் தலையில்தான் இது விடிகிறது.

---

கல்லாப்பெட்டி | 3 செப்டம்பர் 2019

காட்டுப்பன்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் பதற வேண்டாம், தோட்டா எங்கும் காணாமல் போய்விடாது. வணிகக் கோணத்தில் பாருங்கள்.

தோட்டா செய்கிறவர்கள் ஒரு கைப்பிடிதான். வின்செஸ்டர் (ஓலின் நிறுவனம்), ஃபெடரலும் சிசிஐயும் (இரண்டும் விஸ்டா அவுட்டோர்), ரெமிங்டன், ஹார்னடி. வால்மார்ட் வாங்காத 9 எம்எம் பெட்டிகளுக்காக இவர்கள் எந்திரத்தை நிறுத்தப் போவதில்லை. அதே பெட்டி மொத்த வியாபாரி வழியாக அகாடமி, பாஸ் புரோ, கபேலாஸ், இணையக் கடைகள், தெருமுனைத் துப்பாக்கிக் கடை என்று போய்ச் சேரும். 2018-ல் டிக்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடை நிறுவனம் ஏஆர் ரைஃபிளை நிறுத்தியபோதும் நடந்தது இதுதான்.

மாறுவது விலையும் தூரமும். வால்மார்ட் தோட்டாவில் பெரிய லாபம் பார்த்ததில்லை. தோட்டாவுக்கு வருகிறவர் பாலும் டயரும் வாங்கிப் போவார், அதுதான் கணக்கு. சிறு கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை, தோட்டாவிலேயே அவர் வாடகை கட்ட வேண்டும். பெட்டிக்கு இரண்டு மூன்று டாலர் கூடத்தான் இருக்கும்.

---

ஓஹையோ | 4 செப்டம்பர் 2019

இங்கே எல்லோரும் வாங்குகிறவர் பக்கமே நிற்கிறீர்கள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவரையும் பாருங்கள்.

ஜூலை 30, மிசிசிப்பியின் சவுத்தேவன் வால்மார்ட்டில் இரண்டு ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3, எல் பாசோ வால்மார்ட்டில் 22 பேர். பள்ளிக்கூடச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் அவை. அதற்கு ஐந்தே நாள் கழித்து மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவர் குண்டு துளைக்காத உடுப்பும் ரைஃபிளுமாக வால்மார்ட்டுக்குள் நடந்து வருகிறார். கடை மேலாளர் தீ அபாய மணியை அடித்து ஆட்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நிறுவனம் எதுவும் செய்யாமல் இருக்க முடியுமா? தன் அலமாரியில் எதை வைப்பது என்பது கடைக்காரர் உரிமை. துப்பாக்கி உரிமை பேசும் நாம் அந்த உரிமையையும் மதிக்க வேண்டும்.

---

காட்டுப்பன்றி | 4 செப்டம்பர் 2019

@ஓஹையோ, உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லையே சார். எல் பாசோவில் நடந்தது நெஞ்சைப் பிளக்கும் கொடுமை. ஆனால் அங்கே பயன்பட்டது ஏகே வகை ரைஃபிள், 7.62x39 தோட்டா. 9 எம்எம்மும் அல்ல, .223-உம் அல்ல. நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வால்மார்ட் ஏற்கெனவே செய்துவந்த ஒரு காரியம் இதைவிட உருப்படியானது. கூட்டாட்சிச் சட்டப்படி பின்னணிச் சோதனைக்கு (வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்தானா என்று பார்ப்பது) மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். வால்மார்ட் கொடுக்காது. 'சரி' என்று பதில் வந்தால்தான் கொடுக்கும். விற்பனையைக் காணொளியில் பதிவு செய்கிறது, அதற்கென்று ஒதுக்கிய ஊழியர் மட்டுமே விற்கிறார். மற்ற கடைகளும் இதைப் பின்பற்றினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

---

ஓஹையோ | 4 செப்டம்பர் 2019

அதில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் கடைக்குள் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவதை நிறுத்தச் சொன்னது முழுக்கச் சரி. ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்ததற்குப் பிறகு, வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று காசாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

---

புதுக்கை | 4 செப்டம்பர் 2019

அண்ணன்களே, அக்காக்களே, ஒரு நடைமுறைக் கேள்வி. 9 எம்எம் பிஸ்டல், மாதம் 50 முதல் 100 தோட்டா. பக்கத்தில் இருப்பது வால்மார்ட் மட்டும். இனி எப்படி வாங்குவது? இணையத்தில் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

---

கல்லாப்பெட்டி | 4 செப்டம்பர் 2019

@புதுக்கை, தம்பி, இந்த முடிவால் உண்மையாக அடிபடுவது உங்களைப் போல மாதம் ஒரு பெட்டி வாங்குகிறவர்தான். ஆயிரம் ஆயிரமாக வாங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

கணக்கு இப்படி. எப்போதும் ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று பாருங்கள், அனுப்பும் செலவையும் சேர்த்து. வால்மார்ட்டில் 50 தோட்டாப் பெட்டி 9 டாலர் என்றால் ஒன்று 18 சென்ட். இணையத்தில் 1000 தோட்டா 170 டாலர், அனுப்ப 15 டாலர் என்றால் 18.5 சென்ட். ஏறக்குறைய அதே விலை. ஆனால் இணையத்தில் ஒரே ஒரு பெட்டி வாங்கினால்? 9 டாலர் பெட்டிக்கு 12 டாலர் அனுப்பும் செலவு. ஒரு தோட்டா 42 சென்ட். இரண்டு மடங்குக்கும் மேல். கையில் மொத்தமாக 185 டாலர் இல்லாதவருக்குத்தான் இந்தத் தண்டம்.

வழி என்னவென்றால் நாலு பேர் சேர்ந்து 1000 தோட்டாப் பெட்டி வாங்கி ஆளுக்கு 250 பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இதற்குத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் கூடாது, தனியாள் கைமாற்றுவதும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். சேர்கிற நாலு பேரும் தோட்டா வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவருக்குக் கொடுத்தால் அது கூட்டாட்சிக் குற்றம்.

மேல்பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். '1000' என்று போட்டிருப்பதும் 50 தோட்டாப் பெட்டிகள் 20 சேர்ந்த கேஸ்தான். 12 கிலோ எடை இருக்கும். வாசலில் போட்டுவிட்டுப் போனால் வயதானவர்கள் தூக்க முடியாது.

---

சட்டப்பக்கம் | 4 செப்டம்பர் 2019

இணையத்தில் வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

1968 சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. ரைஃபிள், ஷாட்கன் தோட்டாவுக்கு 18. .22 எல்ஆர் என்ற சிறு தோட்டா கைத்துப்பாக்கி, ரைஃபிள் இரண்டிலும் ஓடும் என்பதால், எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பார்கள்.

வீட்டுக்கே தோட்டா வரவழைப்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டப்படி செல்லும். அஞ்சல் துறை தோட்டாவை ஏற்காது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் வழிதான், அதுவும் தரைவழி. பெட்டி 66 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. தரைவழி என்பதால்தான் பல இணையக் கடைகள் அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் அனுப்புவதே இல்லை. வால்மார்ட் முடிவு அலாஸ்காக்காரர்களை மற்றவர்களைவிட அதிகம் வதைப்பது இதனால்தான்.

மாநிலச் சட்டம் தனி. இல்லினாய்ஸில் ஃபாய்டு அட்டை, அதாவது துப்பாக்கி வைத்திருப்பவருக்கான மாநில அடையாள அட்டை, வேண்டும். கனெக்டிகட்டில் தோட்டாச் சான்றிதழோ துப்பாக்கி அனுமதியோ வேண்டும். கலிஃபோர்னியாவில் கடந்த ஜூலை 1 முதல் ஒவ்வொரு தோட்டா வாங்கலுக்கும் பின்னணிச் சோதனை. இணையத்தில் வாங்கினாலும் கடைக்கு வரவழைத்து அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். உங்கள் பெயரில் மாநிலப் பதிவேட்டில் துப்பாக்கி இருந்தால் 1 டாலர் சோதனை, சில நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் 19 டாலர் சோதனை, நாட்கணக்கில் ஆகும்.

கலிஃபோர்னியாவில் பலருக்கும் சோதனை தள்ளுபடியாவதற்குக் காரணம் முகவரி. துப்பாக்கி வாங்கியபோது கொடுத்த பழைய முகவரி பதிவேட்டில் கிடக்கும், ஓட்டுநர் உரிமத்தில் புதியது இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் தள்ளிவிடும். மாநில நீதித்துறையின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே முகவரியைத் திருத்திவிட்டுக் கடைக்குப் போங்கள்.

---

தடக்காவல் | 5 செப்டம்பர் 2019

கையிருப்பைத் தள்ளிவிடும் விலையில் விற்கிறார்கள் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அவசரத்தில் வாங்கிய தோட்டா தவறான துப்பாக்கிக்குள் போவதுதான் என் கவலை. துப்பாக்கிச் சுடுதளத்தில் பாதுகாப்பு பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது, .300 பிளாக்அவுட் என்ற ரைஃபிள் தோட்டா. இது .223 தோட்டாவின் கூட்டை (பித்தளை உறையை) வெட்டிச் செய்தது. அதே மேகசினில் உட்காரும், அதே போல்ட் முகத்தில் பிடிக்கும். .223 துப்பாக்கியின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) இது போக வேண்டியதில்லைதான். ஆனால் போல்ட்டை முன்னே தள்ளும்போது சில குண்டுகள் கூட்டுக்குள் பின்னுக்கு அமுங்கிப் போல்ட் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் .30 அங்குலக் குண்டு .22 அங்குலக் குழலுக்குள் போக வேண்டும். போகாது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். இரண்டு துப்பாக்கியும் வீட்டில் இருந்தால் பிளாக்அவுட் மேகசினுக்குத் தடித்த நிற ரப்பர் வளையம் போடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இரண்டாவது, .223-உம் 5.56-உம். பார்வைக்கு ஒன்றுதான். 5.56 அறையில் குண்டுக்கு முன்னால் உள்ள தொண்டைப் பகுதி கொஞ்சம் நீளமானது. 5.56 துப்பாக்கியில் இரண்டையும் போடலாம். .223 ரெமிங்டன் என்று மட்டும் குழலில் பொறித்திருந்தால் 5.56 போடக் கூடாது, அழுத்தம் ஏறும். '.223 வைல்டு' என்றிருந்தால் இரண்டும் ஓடும். பெட்டியை நம்பாமல் குழலைப் படியுங்கள்.

மூன்றாவது, 9 எம்எம் +பி, அதாவது கூடுதல் அழுத்தத் தோட்டா. சாதாரண 9 எம்எம்முக்கு அழுத்த உச்சம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), +பிக்கு 38,500. பழைய பிஸ்டல்களில் வேண்டாம். கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும்.

நான்காவது, மறுசுழற்சித் தோட்டா, அதாவது சுட்ட பழைய கூட்டில் மறுபடி நிரப்பியது. மலிவாக வரும், பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலான துப்பாக்கி நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கின்றன.

தோட்டாவின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பித்தளை வட்டத்தின் நடுவே சின்ன வட்டமாகப் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடி), அதைச் சுற்றி எழுத்து. 'எல்சி' என்றும் இரண்டு இலக்கமும், வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறியும் இருந்தால் அது லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலைக் கூடு. இலக்கம் ஆண்டு, கூட்டல் குறி நேட்டோ முத்திரை. '223 ரெம்' என்றிருந்தால் .223. சில்லறையாகக் கிடக்கும் தோட்டா என்றால் ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் மேகசினில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சுடும்போது வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'டப்' என்று மொக்கையாகக் கேட்டால், உதைப்பும் குறைந்தால், உடனே நிறுத்துங்கள். மறுபடி விசையைத் தொடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்து, மேகசினை எடுத்து, அறையைக் காலிசெய்து, தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். விசை இழுத்தும் சுடவே இல்லை என்றால் 30 வினாடி அப்படியே இலக்கை நோக்கிப் பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

---

புதுக்கை | 5 செப்டம்பர் 2019

நன்றி அக்கா. அறையில் ஏற்றியதை ராத்திரி எடுத்துக் காலையில் மறுபடி அதையே ஏற்றுவது சரியா? தோட்டா மிச்சம் பிடிக்கச் சிலர் சொல்கிறார்கள்.

---

தடக்காவல் | 5 செப்டம்பர் 2019

வேண்டவே வேண்டாம் தம்பி. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு, தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும் சரிவில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அதே பெட்டியிலிருந்து புதுத் தோட்டாவையும் இதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு மிச்சம் பிடிக்கும் வழி தோட்டா இல்லாப் பயிற்சி. போலித் தோட்டா நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, பூட்டி வேறு அறையில். அறை காலியா என்று மூன்று தடவை பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தினம் பத்து நிமிடம் விசைப் பயிற்சி செய்தால் மாதம் 50 தோட்டாவே நிறைய.

---

பித்தளைக்கூடு | 6 செப்டம்பர் 2019

'இனி நாமே தோட்டா நிரப்பிக்கொள்ளலாம்' என்று வேறு இழைகளில் பேச்சு ஓடுகிறது. நிரப்புகிறவர்களில் ஒருவனாகவே சொல்கிறேன், 9 எம்எம்முக்காக மட்டும் என்றால் இப்போதைய விலையில் வேண்டாம்.

பிரைமர் ஆயிரம் 30 டாலர், ஒன்றுக்கு 3 சென்ட். வெடிமருந்து ஒன்றரை இரண்டு சென்ட். குண்டு எட்டு ஒன்பது சென்ட். கூடு சும்மா கிடைக்கிறது என்றே வைத்தாலும் 13 சென்ட் தாண்டும். கடைத் தோட்டா 18. ஐந்து சென்ட் மிச்சத்துக்கு 300 டாலர் கருவி என்றால் 6,000 தோட்டா நிரப்பினால்தான் போட்ட பணம் வரும். மாதம் நூறு சுடுகிறவருக்கு ஐந்து வருஷம். .308, .45, பழைய ரிவால்வர் தோட்டாக்கள் என்றால் கதை வேறு, அங்கே பாதிக்குப் பாதி மிஞ்சும்.

அதைவிட முக்கியம், நிரப்புவது கவனம் கேட்கிற வேலை. மருந்து விழாத கூட்டில் குண்டு அழுத்தினால் தடக்காவல் சொன்ன அந்த 'டப்'. இரட்டை மருந்து விழுந்தால் துப்பாக்கி போகும், விரலும் போகலாம். அச்சிட்ட கையேட்டின் அளவைத் தாண்டக் கூடாது, இணையத்தில் யாரோ எழுதிய அளவை நம்பக் கூடாது, தொலைக்காட்சி ஓடும் அறையில் உட்காரக் கூடாது.

பதற்றத்தில் மருந்தும் பிரைமரும் குவிப்பவர்களுக்கு: தீயணைப்பு விதிப்படி வீட்டில் புகையிலா மருந்து அசல் டப்பாவில் 20 பவுண்டு வரை. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமன் மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000. நகராட்சி விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். மருந்தை இரும்புப் பெட்டியில் இறுக்கிப் பூட்டாதீர்கள், தீப்பிடித்தால் அது வெடிகுண்டாகிவிடும். மரம் என்று விதி சொல்வதன் காரணமே அதுதான்.

---

மானடி | 7 செப்டம்பர் 2019

வேட்டைக்காரர்கள் பக்கம் இரண்டு வார்த்தை. மானுக்கு .223 எல்லா இடத்திலும் செல்லாது. வர்ஜீனியாவில் குண்டின் விட்டம் .23 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கொலராடோவில் .24. அந்த மாநில மான் வேட்டைக்காரர் ஏற்கெனவே .243, .270, 30-30 என்று போயிருப்பார். அவருக்கு இந்த அறிவிப்பால் பெரிதாக ஒன்றும் இல்லை.

'இனி தோட்டா வரி குறைந்து காட்டு வளம் பாதிக்கும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்ட வரி, ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், தயாரிப்பாளரிடமே வாங்கப்படுகிறது. எந்தக் கடையில் விற்றாலும் அதே வரிதான் காட்டுக்குப் போகும். விற்பனை குறைந்தால்தான் குறையும், கடை மாறினால் குறையாது.

---

சட்டப்பக்கம் | 8 செப்டம்பர் 2019

திறந்த நிலையில் ஏந்தி வருவது பற்றிப் பலர் கேட்டதால் டெக்சாஸ் நிலவரம். வால்மார்ட் வைத்திருப்பது வேண்டுகோள். க்ரோகர், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வெக்மன்ஸ் ஆகியவையும் இந்த வாரம் அதே வேண்டுகோளை வைத்திருக்கின்றன. உரிமம் உள்ளவருக்குச் சட்டப்படி தடையாக வேண்டுமானால் 30.07 பலகை (அந்த எண்ணுள்ள மாநிலச் சட்டப் பிரிவின்படி வைக்கும் அறிவிப்பு) வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறம். மறைத்து ஏந்துவதைத் தடுப்பது 30.06 பலகை, அது தனி.

ஆனால் பலகை இல்லாவிட்டாலும் ஊழியர் நேரில் வந்து 'வெளியே போங்கள்' என்று சொன்னால் அதுவே அறிவிப்பு. அதற்குப் பிறகு நின்றால் அத்துமீறல். வாதாடாமல் வெளியேறிவிடுங்கள். காசாளர் பெண்ணிடம் அரசியல் சாசனம் பேசி ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லை, அவர் அந்த விதியை எழுதவும் இல்லை.

---

கல்லாப்பெட்டி | 9 செப்டம்பர் 2019

இன்னொரு வேண்டுகோள் என் பக்கமிருந்து. 2013 நினைவிருக்கிறதா? சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுத் துயரத்துக்குப் பிறகு சட்டம் வரும் என்ற பயத்தில் எல்லோரும் ஓடினார்கள். வால்மார்ட்டே ஆளுக்கு நாளைக்கு மூன்று பெட்டி என்று கட்டுப்பாடு போட்டது. .22 எல்ஆர் அலமாரி வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறவே இல்லை. தட்டுப்பாட்டை உண்டாக்கியது வாங்கியவர்களின் பயம்தான்.

ஆகவே வீட்டுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பயிற்சிக்கு மூன்று மாதத்துக்கு உள்ளது, பாதுகாப்புக்கு இரண்டு பெட்டி, துப்பாக்கி அந்தத் தோட்டாவை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம். போதும். பக்கத்துச் சிறு கடைக்காரரிடம் 'மாதம் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லி வையுங்கள். நிச்சயமான கிராக்கி தெரிந்தால் அவர் வரவழைத்து வைப்பார், விலையிலும் இறங்கி வருவார்.

தோட்டா வைக்கும் விதம்: ரப்பர் வளையம் உள்ள இரும்புத் தோட்டாப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், வெளியே தேதி எழுதிய ஒட்டுத்தாள், முதலில் வாங்கியதை முதலில் சுடுவது. கார் டிக்கியும் மொட்டை மாடி அறையும் ஆகாது, டெக்சாஸ் கோடை வெயில் மருந்தைக் கெடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி ஓர் இடம், தோட்டா வேறோர் இடம், இரண்டுக்கும் வேறு சாவி.

---

நெடுங்குழல் | 30 அக்டோபர் 2020

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். நேற்று வால்மார்ட் கலவரப் பயத்தில் துப்பாக்கியையும் தோட்டாவையும் பார்வை அலமாரியிலிருந்து எடுத்தது, கேட்டால் மட்டும் விற்பதாகச் சொன்னது. இன்று திரும்ப வைப்பதாக அறிவித்துவிட்டது.

ஆனால் அலமாரியில் வைக்க என்ன இருக்கிறது என்பதே கேள்வி. மார்ச்சில் மட்டும் எஃப்பிஐ பின்னணிச் சோதனை 37 லட்சத்தைத் தாண்டியது. போன வருஷம் கல்லாப்பெட்டி 18 சென்ட் என்று கணக்குப் போட்ட 9 எம்எம் இப்போது 60 சென்ட்டுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரெமிங்டன் ஜூலையில் திவாலாகி, தோட்டாப் பிரிவை விஸ்டா வாங்கியிருக்கிறது. அர்க்கன்சாவின் லோனோக் ஆலை மறுபடி முழு வேகம் பிடிக்க நாள் ஆகும்.

---

பித்தளைக்கூடு | 30 அக்டோபர் 2020

பிரைமர் எங்கும் இல்லை. தோட்டா ஆலைகள் தங்களுக்கே எடுத்துக்கொள்கின்றன. போன வருஷம் நிரப்பும் கருவி வாங்கச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டவர் கையில் இப்போது கருவி இருக்கும், போட ஒன்றும் இராது. கூட்டை மட்டும் வீசாமல் பொறுக்கிக் கழுவி வையுங்கள்.

---

கல்லாப்பெட்டி | 31 அக்டோபர் 2020

அப்போது சிறு கடையில் சொல்லி வைத்தவர்களுக்கு மாதம் ஒரு பெட்டியாவது வருகிறது. பல கடைகள் ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு பெட்டி என்று கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. அதைத் திட்டாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத கடையில் காலை 9 மணிக்கு வரும் முதல் நாலு பேர் அள்ளிக்கொண்டு போய் இணையத்தில் இரட்டை விலைக்கு விற்கிறார்கள். முதல் துப்பாக்கி வாங்கி ஒரு பெட்டி தேடும் ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

@புதுக்கை, தம்பி, உங்கள் ஊர்க் கடையில் சரக்கு எந்தக் கிழமை இறங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மத்தியானத்துக்குள் போனால் கிடைக்கும்.

---

புதுக்கை | 31 அக்டோபர் 2020

கேட்டுவிட்டேன் அண்ணா. வியாழக்கிழமை.